டிரவுட் பிடிக்கப் போகும் மகனும் ஆற்றுக்குக் கிளம்பும் தம்பியும்: கெர்லிங் தாயார் கேட்ட கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கொரோனாத் தடைகள் இருந்த 2021 ஏப்ரலில், மலேசியாவில் சிலாங்கூரின் கெர்லிங்கிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பிய கேள்வியும் அப்போது நான் சொன்ன பதிலும் இது. கேள்வி கொஞ்சம் நீளமானது, சுருக்கிப் படிக்கிறேன்.

"அண்ணே, என் மூத்த மகன் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில், ஸ்டேட் காலேஜ் என்ற ஊரில் படிக்கிறான். வகுப்பெல்லாம் கணினியில்தான் நடக்கிறது. மாதக் கணக்காக அறைக்குள்ளேயே கிடந்தவன், இப்போது ஃபிளை தூண்டில் வாங்கிவிட்டேன், கூட்டாளிகளோடு டிரவுட் மீன் பிடிக்கப் போகிறேன் என்கிறான். இந்தக் கொரோனா நேரத்தில் அது சரியா? ஏப்ரலில் அங்கே ஆறு எப்படி இருக்கும்? அண்ணன் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு இங்கே சின்னவனும் ஆற்றுக்குப் போக ஆள் சேர்க்கிறான். இரண்டு பேருக்கும் நீங்களே சொல்லுங்கள், செலவைப் பற்றியும் சொல்லுங்கள்."

சொல்கிறேன் தங்கச்சி. டிரவுட் என்பது குளிர்ந்த ஆறுகளில் வாழும் மீன்; ஃபிளை என்பது பூச்சி போலத் தோன்றும்படி தூண்டில் முள்ளில் கட்டிய போலி இரை. மூத்தவன் போகட்டும், தாராளமாகப் போகட்டும். அறைக்குள் அடைந்து கிடக்கிற பிள்ளைக்கு ஓடும் தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிற்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆற்றுக்குள் நிற்கும்போது கிருமிக்குப் பயப்பட வேண்டியது குறைவு. திறந்த வெளி, காற்று ஓடுகிறது. ஒன்பது அடிக் கம்பை முன்னும் பின்னும் வீசுகிற ஆளுக்குப் பக்கத்தில் எவனும் வந்து நிற்க மாட்டான், தூண்டில் முள் காதில் ஏறிவிடும். என் கவலை ஆற்றில் இல்லை, ஆற்றுக்குப் போகிற வழியில் இருக்கிறது. நான்கு பையன்கள் ஒரே காரில் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டு போவார்கள். வண்டியை நிறுத்திய இடத்தில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, தோளோடு தோள் நின்று ஒருவன் பெட்டியில் இன்னொருவன் கையை விட்டு ஃபிளை பொறுக்குவான். அங்கேதான் ஒட்டிக்கொள்ளும். தனித்தனியாகப் போகச் சொல்லுங்கள். அந்த ஊரில் பஸ்ஸோ சைக்கிளோ எடுத்தாலே ஆற்றுக்குப் போய்விடலாம். காரில்தான் போக வேண்டும் என்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு, கவசத்தோடு போகட்டும்.

கூட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பென்சில்வேனியாவிலேயே உதாரணம் இருக்கிறது. போன வருடம், 2020-இல், டிரவுட் பருவம் ஏப்ரல் 18-ஆம் தேதி திறப்பதாக இருந்தது. முதல் நாள் என்றால் அங்கே திருவிழாதான், கரை முழுக்க ஆள் நிற்கும். அந்தக் கூட்டம் சேரக் கூடாது என்பதற்காக, முன்கூட்டியே சொல்லாமல் ஏப்ரல் 7-ஆம் தேதி காலை 8 மணிக்கே மாநிலம் முழுக்கத் திறந்துவிட்டார்கள். அதே சமயத்தில் வாஷிங்டன் மாநிலம் பொழுதுபோக்கு மீன்பிடிப்பையே மார்ச் கடைசியில் நிறுத்தி மே 5-ஆம் தேதிதான் திரும்ப அனுமதித்தது. இங்கிலாந்தில் மே 13 வரை தூண்டில்காரர்கள் காத்திருந்தார்கள். பென்சில்வேனியாக்காரர்கள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆற்றை மூடவில்லை, கூட்டத்தை மட்டும் கலைத்தார்கள். இந்த வருடம், 2021-இல், ஏப்ரல் 3-ஆம் தேதியே திறந்துவிட்டது. உரிமமும் அதோடு டிரவுட் அனுமதியும் எடுத்துவிட்டானா என்று முதலில் கேளுங்கள். 16 வயது ஆனவர்களுக்கு இரண்டும் கட்டாயம். சனி, ஞாயிறு வேண்டாம். வகுப்பு இல்லாத ஒரு புதன்கிழமை மதியம் போகட்டும்.

மதியம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். நம் ஊரில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் மீன் என்று பழகிவிட்டோம். அங்கே வசந்த காலத் தொடக்கத்தில் அது நேர்மாறு. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தண்ணீர், வெயில் பட்டு ஒன்றிரண்டு டிகிரி ஏறிய பிறகுதான் பூச்சி கிளம்பும். பூச்சி கிளம்பினால்தான் டிரவுட் மேலே வரும். தண்ணீர் 10 டிகிரியைத் தொடும் நேரம், அதாவது நண்பகலிலிருந்து நாலு மணி வரை, அதுதான் நல்ல வேளை. பத்திலிருந்து பதினாறு டிகிரி வரை டிரவுட் சுறுசுறுப்பாக இரை எடுக்கும். 20 டிகிரியைத் தாண்டிவிட்டால் மீனுக்கு மூச்சு முட்டும், அப்போது தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஏப்ரலில் அந்தச் சூடு வராது, ஆனால் ஒரு சின்ன வெப்பமானியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

அவன் இருக்கும் ஊரையொட்டி ஸ்பிரிங் கிரீக் என்ற ஓடை போகிறது. சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளிலிருந்து வருகிற தண்ணீர், அதனால் குளிர்காலத்தில் உறைந்து போகாது, கோடையிலும் அவ்வளவாகக் கொதிக்காது. தானாகவே இனப்பெருக்கம் செய்து வாழ்கிற பிரௌன் டிரவுட் நிறைய. பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம், வீட்டுக்கு எடுத்து வர முடியாது. தொடக்கக்காரனுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஏப்ரலில் அங்கே வெயில் அடிக்கிற நாளை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மேகம் மூடி, தூறல் போட்டு, குளிர் எலும்பைத் தொடுகிற நாள்தான் வேண்டும். புளூ விங்ட் ஆலிவ் என்று ஒரு பூச்சி. நகக்கண் அளவுகூட இருக்காது. தண்ணீருக்கு அடியில் நிம்ஃப் என்கிற இளம்பூச்சியாக வளர்ந்து, மேலே வந்து, தோலை உரித்துக்கொண்டு, சிறகு காய்ந்ததும் பறந்து போகும். தூறல் நாளில் சிறகு காய நேரமாகும். அதுவரை குட்டிப் பாய்மரம் மாதிரி சிறகைத் தூக்கிக்கொண்டு நீர்ப்பரப்பிலேயே மிதந்து வரும். டிரவுட் எதிர்நீச்சலில் தலையை வைத்து, ஒரே இடத்தில் நின்றபடி, மூக்கை மட்டும் தூக்கி ஒவ்வொன்றாக எடுக்கும். சத்தமே இருக்காது. நீரில் ஒரு சின்ன வட்டம் விரியும், அவ்வளவுதான். அந்த வட்டத்துக்கு மூன்று அடி முன்னால், தண்ணீர் வருகிற பக்கமாக, பதினெட்டாம் நம்பர் என்கிற மிகச் சின்ன முள்ளில் கட்டிய ஃபிளையைப் போட்டு, நூல் இழுக்காமல் தானாக மிதந்து வர விட வேண்டும். நூல் ஒரு விரல்கடை இழுத்தாலும் மீன் திரும்பிவிடும். அதில்தான் முழுக் கலையும் இருக்கிறது. மே மாத நடுவில் சல்ஃபர் என்ற மஞ்சள் பூச்சி மாலை வேளையில் கிளம்பும். அதற்குள் அவன் கை பழகியிருக்கும்.

மேலே வட்டமே தெரியவில்லை என்றால் மீன் இல்லை என்று அர்த்தமில்லை. அடியில் தின்கிறது. அப்போது நிம்ஃப் போலச் செய்த ஃபிளையைக் கட்டி, கல்லோடு கல்லாக உருட்டிவிட வேண்டும்.

பெருமழைக்கு அடுத்த நாள் போக வேண்டாம். முழங்கால் அளவுத் தண்ணீரில் தன் செருப்பு தெரியவில்லை என்றால் இறங்கவே கூடாது. ஏப்ரல் தண்ணீர் நம் அருவித் தண்ணீர் போல் இல்லை, விழுந்தால் சில நிமிடங்களில் கைவிரல் மரத்துப் போகும். ரப்பர் கால்சட்டை போட்டால் இடுப்பு வாரை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், விழுந்தாலும் உள்ளே தண்ணீர் சட்டென்று நிறையாது. இன்னொன்று, தங்கச்சி, இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். பிரௌன் டிரவுட் அக்டோபர், நவம்பரில் சரளைக் கல்லுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் வசந்தத் தொடக்கத்தில்தான் கல்லிடுக்கிலிருந்து வெளியே வரும். ரெயின்போ டிரவுட்டோ வசந்தத்திலேயே முட்டையிடுகிற மீன். பாசி படிந்த தரையில் ஓரிடம் மட்டும் கூட்டிவிட்டது போல் வெளுத்துத் தெரிந்தால், அது முட்டைக் குழி. அதன் மேல் கால் வைக்கக் கூடாது, அதற்கு மேல் நிற்கும் முட்டையிடுகிற மீனையும் தொந்தரவு செய்யக் கூடாது. ஒரு காலடியில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் போய்விடும்.

அப்புறம் ஆற்று மரியாதை. முன்னால் வந்தவனுக்குத்தான் அந்த மடு. இது கொரோனாவுக்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். ஒருவன் நீரோட்டத்துக்கு எதிராக மேலே நகர்ந்து போய்க்கொண்டிருந்தால், அவனுக்கு மேலே போய் இறங்குவது அவன் தட்டில் கை வைப்பதற்குச் சமம். கரையேறி, தண்ணீரிலிருந்து விலகி நடந்து, நெடுந்தூரம் தள்ளித்தான் இறங்க வேண்டும். எவ்வளவு தள்ளி என்று சந்தேகம் வந்தால் வாய் திறந்து கேட்டுவிடலாம், தூரத்திலிருந்தே. யாரும் கோபப்பட மாட்டார்கள். இந்தக் காலத்தில் அங்கே நிறையப் புதுப் பிள்ளைகள் கம்பு வாங்கி வந்திருக்கிறார்கள். வேறு எங்கேயும் போக முடியாததால் எல்லோரும் ஆற்றுக்கு வருகிறார்கள். வழக்கம் தெரியாத பிள்ளையைப் பார்த்து முறைக்காமல் எடுத்துச் சொல்வதும் மரியாதையில் சேர்த்திதான்.

கிருமிக் காலத்தில் மாற்றிக்கொள்ள வேண்டிய சில்லறைப் பழக்கங்கள் இருக்கின்றன. முடிச்சு இறுக்கும்போது எல்லோரும் எச்சில் தொட்டு நனைப்போம், மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுப்போம், இரண்டு ஃபிளையை உதட்டில் கவ்விக்கொள்வோம். தன் நூலில் தான் செய்துகொள்ளட்டும். கூட்டாளியின் நூலில் அதைச் செய்யக் கூடாது, அவன் கடித்த ஃபிளையை வாங்கிக் கட்டவும் கூடாது. ஒருவன் மீன் மாட்டினால் அடுத்தவன் வலையோடு ஓடிப் போவதும் வழக்கம். இப்போது அது வேண்டாம், அவரவர் வலையை அவரவர் இடுப்பில் மாட்டிக்கொள்ளட்டும். கையில் சானிடைசர் பூசிய ஈரத்தோடு மீனைத் தொடவே கூடாது. மீன் உடம்பில் இருக்கும் வழவழப்புதான் அதற்குக் கவசம், சானிடைசரில் உள்ள சாராயம் பட்டால் அது போய்விடும். ஆற்று நீரில் கையை நன்றாக அலசிவிட்டு, ஈரக் கையால், தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்ற வேண்டும். முள்ளில் உள்ள எதிர்க்கொக்கியை முன்பே இடுக்கியால் நசுக்கிவிட்டால் ஒரு திருகலில் வந்துவிடும். படம் எடுக்க வேண்டுமானால் மூச்சை அடக்கிக்கொண்டு மீனைத் தூக்கட்டும், தனக்கு மூச்சு முட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் விடட்டும்.

சரி, சின்னவனுக்கு வருகிறேன். அவன் ஆள் சேர்ப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கெர்லிங்கிலிருந்து தஞ்சோங் மாலிம் கூப்பிடு தூரம், பெர்னாம் ஆற்றைத் தாண்டினால் பேராக். பையன்கள் ஸ்லிம் ரிவர் பக்கம் போகத்தான் ஆசைப்படுவார்கள். இந்த 2021 ஜனவரி 13 முதல் மாநிலம் தாண்டத் தடை இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் செம்பனைத் தோட்டத்து மண்பாதை வழியாகப் புகுந்து போகிற யோசனை இருந்தால், அதை இப்போதே மறந்துவிடச் சொல்லுங்கள். போலீஸ் பயத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு தோட்டத்துக் கிருமியை இன்னொரு தோட்டத்து லயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழி அதுதான்.

கோல குபு பாருவுக்கு மேலே போனால் சிலிங் ஆறு. அது கெலா என்கிற ஆற்று மீன்களுக்கான பாதுகாப்பிடம், அங்கே தூண்டில் போடவே கூடாது. பெர்தாக் பக்கம் தெமுவான் என்கிற பூர்வகுடி மக்கள் குடியிருக்கிறார்கள். 2020-இல் பல பூர்வகுடி கிராமங்கள் கிருமிக்குப் பயந்து வெளியாட்களுக்கு வழியை அடைத்தன. மருத்துவமனை அவர்களுக்குத் தூரம். கேட்காமல் அந்தக் கிராமத்து வழியே ஆற்றுக்கு இறங்குவது இந்தச் சமயத்தில் பெரிய தவறு. அதோடு, நமக்கு வசந்தம் கிடையாது என்றாலும் இந்த மார்ச், ஏப்ரலில் மதியத்துக்கு மேல் மலையில் இடிமழை கொட்டும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்கிற திடீர் வெள்ளம் இறங்கும். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வர ஆரம்பித்தால் மீன்பிடிப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கரை ஏற வேண்டும். காலில் புண் இருந்தால் எலிக் காய்ச்சலும் வரும், காய்ச்சல் கண்டால் ஆற்றில் இறங்கியதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அதனால் அவனுக்கு இப்போது ஆறு வேண்டாம், திடல் போதும். கம்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பந்துத் திடலில் நிற்கட்டும். முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூலை முடிந்துகொண்டு, முப்பது அடி தூரத்தில் ஒரு பழைய டயரை வைத்து, அதற்குள் விழுகிற வரை வீசிப் பழகட்டும். ஒரு மாதம் இதைச் செய்தால் செபாராவ் என்கிற ஆற்று மீனின் வாயருகே ஃபிளையைப் போடுகிற கை வந்துவிடும். கூட்டாளி ஒருவன் வந்தாலும் திடலின் அந்தக் கோடியில் நிற்கலாம். தடை நீங்கிய பிறகு கெலாவுக்குச் செம்பனைப் பழ நிறத்தில் ஃபிளை கட்டுவது எப்படி என்று நானே ஒரு வீடியோ போடுகிறேன். ஆற்றோரச் செம்பனையிலிருந்து உதிர்கிற பழத்தை அந்த மீன் விரும்பித் தின்னும், நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

செலவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். சின்னவனுக்குப் புதுக் கம்பு வேண்டாம், கடையில் பழைய ஐந்தாம் நம்பரோ ஆறாம் நம்பரோ (கம்பு வீசும் நூலின் கனத்தைக் காட்டும் எண்) கிடைத்தால் போதும். ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கும் கண்ணைப் பாதுகாக்கிற கண்ணாடி ஒன்று கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். காற்று திரும்பினால் முள் நேராக முகத்துக்குத்தான் வரும். கொசு மருந்து பூசிய கையால் நூலைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள், அந்த மருந்து பிளாஸ்டிக் பூச்சைக் கரைத்துவிடும். மூத்தவன் எந்த ஃபிளை வாங்கியிருக்கிறான் என்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஏப்ரலுக்கு எது ஆகும், எது ஆகாது என்று பார்த்துச் சொல்கிறேன்.