களைத்த முகமும் கட்டான உடலும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பண்டைய எகிப்தின் அரசர் சிலைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு வரலாறு அது. ஒரு மாலைப் பொழுதில் அடங்காது. ஆகவே ஒரே ஒரு அரசரின் முகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் செனுஸ்ரெத். பன்னிரண்டாம் அரசமரபைச் சேர்ந்தவர், கி.மு. 19-ஆம் நூற்றாண்டில் ஆண்டவர்.

அவருக்கு முன்பு அரசர் முகத்தை எப்படிச் செதுக்கினார்கள்? கெய்ரோவில் இருக்கும் காஃப்ரேவின் சிலையைப் பாருங்கள். கிஸாவின் இரண்டாவது பெரிய பிரமிடு அவருடையதுதான். அவருடைய பள்ளத்தாக்குக் கோயிலில், ஒரு குழிக்குள் கிடந்த அந்தச் சிலையை 1860-இல் ஓகுஸ்ட் மரியெத் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் வெளியே எடுத்தார். பண்டைய எகிப்தின் தெற்கு எல்லைக்கு அப்பாலிருந்த நூபியாவின் பாலைவனத்திலிருந்து கொண்டுவந்த கடினமான கல். இரும்பு உளி கிடையாது. கல்லால் கல்லை இடித்து, மணலால் தேய்த்துத் தேய்த்தே அந்த வழவழப்பைக் கொண்டுவந்தார்கள். நேர் எதிரே நின்றால் அரசர் மட்டும் தெரிவார். பக்கவாட்டில் நகர்ந்தால், தலைக்குப் பின்னால் ஹோரஸ் என்னும் வல்லூறுத் தெய்வம் சிறகு விரித்து அவரை அணைத்திருப்பது தெரியும். முகத்தில் வயது தெரியாது, கவலை தெரியாது. அது அரச பதவியின் முகம்.

இந்தச் சிலைகளை ஊர் கூடி ரசிப்பதற்காகச் செய்யவில்லை. சிலைக்கு 'வாய் திறக்கும்' சடங்கு செய்தால், அரசரின் உயிர் அதில் தங்கிப் படையலை ஏற்கும் என்பது நம்பிக்கை. சக்காராவில் ஜோசர் மன்னரின் சிலையை, கல்லால் கட்டி மூடிய ஒரு சிறு அறைக்குள் வைத்து, கண் மட்டத்தில் இரண்டு துளை மட்டும் விட்டார்கள். பார்க்க வேண்டியவர் அரசர், நாம் இல்லை.

இப்போது செனுஸ்ரெத்திடம் வருவோம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இவருடைய கருங்கல் சிலைகள் மூன்று வரிசையாக நிற்கின்றன. முழங்காலுக்குக் கீழே உடைந்துபோனவை. எகிப்தில் தேர் எல்-பஹ்ரி என்ற இடத்தில், இரண்டாம் மென்டுஹோதெப்பின் கோயிலில் கிடைத்தவை. தமக்குச் சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் பிளவுபட்ட நாட்டை ஒன்றாக்கிய அரசரின் கோயிலில், செனுஸ்ரெத் தம் சிலைகளை நிறுத்தியிருக்கிறார். இரண்டு உள்ளங்கைகளும் இடையாடையின் முன்மடிப்பில் படிந்திருக்கின்றன. வழிபடுகிறவரின் நிலை அது.

முகத்தை நிதானமாகப் பாருங்கள். கனத்துத் தாழ்ந்த இமைகள். கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை. கண்ணின் உள்மூலையிலிருந்து கன்னத்தில் சாய்வாக இறங்கும் ஆழமான மடிப்பு. இறுகி, ஓரங்கள் கீழே இழுத்த உதடுகள். புடைத்து நிற்கும் பெரிய காதுகள். அப்படியே பார்வையைக் கழுத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். அகன்ற தோள், ஒட்டிய வயிறு, ஒரு சுருக்கம்கூட இல்லை. இருபத்தைந்து வயது இளைஞனின் உடல்!

ஆட்சிப் பொறுப்பால் களைத்த அரசர் என்று சிலர் எழுதினார்கள். இரக்கமற்ற, கண் அயராத அரசர் என்று வேறு சிலர் எழுதினார்கள். எனக்கு இரண்டாவது பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. கண்ணால் கண்டதை அப்படியே வடிப்பது சிற்பியின் நோக்கமாக இருந்திருந்தால், உடலுக்கும் வயதாகியிருக்கும். முகத்தின் ஒவ்வொரு கோடும் தேர்ந்து வைத்தது. எல்லாவற்றையும் பார்க்கும் கண், எல்லாவற்றையும் கேட்கும் காது, தளராத உடல்.

இதற்குச் சாட்சி கல்வெட்டிலேயே இருக்கிறது. நூபியாவில் நைல் ஆற்றின் ஓரம் செம்னா, உரொனார்தி போன்ற இடங்களில் கோட்டை கட்டி எல்லையைத் தெற்கே நகர்த்தியவர் இவர். தமது 16-ஆம் ஆட்சியாண்டில் செம்னாவில் நாட்டிய கல்வெட்டில், இந்த எல்லையைக் காப்பவனே என் மகன், காக்கத் தவறுகிறவன் எனக்குப் பிறந்தவனே அல்ல என்கிறார். அடுத்துச் சொல்வதுதான் நமக்கு முக்கியம்: இந்த எல்லையில் என் சிலையை நிறுத்தியிருக்கிறேன், அதைப் பார்த்து நீங்கள் உறுதியாக நின்று அதற்காகப் போரிட வேண்டும் என்கிறார். மூடிய அறையில் துளை வழியே பார்த்திருந்த ஜோசர் எங்கே, எல்லைப் படைவீரனின் கண்முன் நிறுத்திய இந்தச் சிலை எங்கே! சிலையின் வேலை மாறிவிட்டது. அதனால் முகமும் மாறியது என்பதே என் துணிபு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து அதிகாரிகளின் சிலைகளைப் பாருங்கள். அதே கனத்த இமை, அதே கன்ன மடிப்பு, அதே பெரிய காது. அத்தனை பேருக்கும் ஒரே முகம் வாய்த்திருக்க முடியாது. அரசர் தமக்குத் தேர்ந்துகொண்ட முகத்தை, அவரிடம் பணிசெய்தவர்கள் தங்கள் சிலைகளுக்கும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நன்றி, வணக்கம்.