சுறாவை விடுங்கள், அந்த ஊரைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரு குற்ற நாவலைப் பற்றிப் பேசப்போகிறேன். பெயர் ஜாஸ். பீட்டர் பெஞ்ச்லி எழுதி 1974இல் வெளிவந்தது. "அது சுறா கதையாச்சே, குற்ற நாவல் எப்படி?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. 1975இல் ஸ்பீல்பெர்க் எடுத்த படம்தான் எல்லோர் மனதிலும் இருக்கிறது. ஆனால் நாவலில் சுறா வரும் பக்கங்களைவிட, ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் மடக்கிப் போடும் பக்கங்கள்தான் என்னை அதிகம் உலுக்கின. அதைச் சொல்வதற்குக் கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். முடிவை மட்டும் தொட மாட்டேன்.

ஊரின் பெயர் அமிட்டி. கற்பனை ஊர். நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் லாங் ஐலண்டின் தென்கரையில் அதை வைத்திருக்கிறார் பெஞ்ச்லி. குளிர்காலத்தில் அங்கே 1,000 பேர். கோடையில் 10,000 பேர். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள், நாவலில் யார் என்ன செய்தாலும் ஏன் என்று புரிந்துவிடும். கோடைக்கு வருகிறவர்கள் வீடு வாடகைக்கு எடுத்து, சாப்பிட்டு, குடித்து, பொருள் வாங்கிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பணத்தில்தான் மற்றவர்கள் மிச்ச மாதங்களை ஓட்ட வேண்டும். ஒரு கோடை படுத்துவிட்டால் ஊரே படுத்துவிடும்.

அப்படிப்பட்ட ஊரில், சீசன் சூடுபிடிக்கப்போகும் நேரத்தில், இரவில் நீந்தப் போன ஒரு இளம்பெண்ணின் உடல் சிதைந்த நிலையில் கரை ஒதுங்குகிறது. காவல்துறைத் தலைவர் மார்ட்டின் பிராடி உடனே கடற்கரையை மூடிவிடலாம் என்கிறார். இங்கேதான் எனக்கு இது குற்ற நாவலாக மாறுகிறது. உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர் செய்தியைப் போட மறுக்கிறார். பத்திரிகைக்கு விளம்பரம் கொடுப்பவர்கள் எல்லாம் அந்த ஊர்க் கடைக்காரர்கள்தானே. மேயர் லாரி வான் வந்து, கடற்கரையை மூடினால் உன் வேலை போய்விடும் என்று சொல்லிவிடுகிறார். யாரும் கத்துவதில்லை, கத்தியைக் காட்டுவதில்லை. பழகிய மனிதர்கள் பழகிய குரலில் பேசுகிறார்கள். பிராடியும் இறங்கி வந்துவிடுகிறார். அப்புறம் ஆறு வயதுப் பையன் ஒருவன் கடலில் சாகிறான்.

இதில் கொலையாளி யார்? சுறா ஒரு மிருகம், அதற்குப் பசி. முதல் சாவை மறைத்தவர்களுக்குத் தெரியும், தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று. தெரிந்தும் குழந்தைகளை இறங்க விட்டார்கள். துப்பறியும் கதைகளில் கடைசிப் பக்கம் வரை ஒளிந்திருக்கும் குற்றவாளி, இங்கே முதலிலிருந்தே நம் கண்ணெதிரே சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்.

இது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிஜச் சம்பவம். 1916 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரையோரத்தில் சுறா தாக்கி நான்கு பேர் இறந்தார்கள். முதல் சாவு ஜூலை 1 அன்று பீச் ஹேவனில். அதுவும் ஒரு கோடை விடுமுறை ஊர்தான். அதற்குப் பிறகும் அந்தக் கரையோரத்தில் குளியல் நடந்துகொண்டுதான் இருந்தது. ஐந்து நாள் கழித்து ஸ்பிரிங் லேக்கில் இன்னொருவர். ஜூலை 12இல் மட்டாவான் என்ற ஊரின் ஓடைக்குள்ளேயே ஒரு சிறுவனும், அவனைத் தேடி இறங்கிய ஒருவரும் உயிரிழந்தார்கள். அந்த நாட்களில் அங்கே என்னென்ன கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது இந்த நாவலைப் படித்தால் நன்றாகவே பிடிபடும்.

படத்தில் வராத இன்னொரு விஷயம் மேயரின் பின்னணி. அவர் வீடு, மனை வியாபாரம் செய்பவர். பல வருஷங்களுக்கு முன்னால் வாங்கிய ஒரு கடனால் மாஃபியாவின் பிடியில் சிக்கிக்கொண்டவர். ஊரில் மனை விலை விழுந்தால் அவர்களுடைய பணமும் விழும், அவர்கள் சும்மா விட மாட்டார்கள். அந்த மிரட்டல் பிராடியின் வீட்டு வாசலுக்கே வருகிறது. அவருடைய சின்ன மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முன்பின் தெரியாத ஒரு ஆள் அவர்கள் வளர்க்கும் பூனையின் கழுத்தைத் திருகிப் போட்டுவிட்டுப் போகிறான். பிராடி அந்தச் செத்த பூனையை எடுத்துக்கொண்டு நேராக மேயரிடம் போகிறார். அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. சுறா இல்லாத பக்கம் அது, ரத்தக்களரியும் இல்லை, ஆனால் நாவலிலேயே மிகவும் பயங்கரமான பக்கம் அதுதான் என்பேன்.

ஸ்பீல்பெர்க் இந்த மாஃபியா பகுதியை எடுத்துவிட்டார். இரண்டு மணி நேரப் படத்துக்கு அது சரியான முடிவு, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அவர் இன்னொன்றையும் மாற்றினார். படத்து பிராடி நியூயார்க்கிலிருந்து வந்த வெளியூர்க்காரர். நாவலின் பிராடி அமிட்டிக்காரர். கடையை மூடப்போகிறவர்கள் எல்லாம் அவர் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த முகங்கள். வெளியூர்க்காரர் என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். இவர் எங்கே போவார்? அதனால்தான் அவர் முதல் முறை விட்டுக்கொடுப்பதை நம்மால் வெறுக்க முடியவில்லை. பையன் செத்த பிறகு மொத்தப் பழியும் அவர் தலையில் விழும்போது வயிறு கலங்குகிறது.

அவருடைய மனைவி எல்லனோ, ஒரு காலத்தில் கோடைக்கு வந்து போன பணக்காரக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு பழைய சிநேகிதிகளின் உலகத்துக்குள் திரும்பவும் போக முடியாமல், ஊர்க்காரர்களோடும் முழுதாக ஒட்ட முடியாமல் நிற்கிறாள். ஒரு சுற்றுலா ஊருக்குள் ஓடும் வர்க்கக் கோட்டை ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து காட்டுவது நல்ல யோசனை. ஆனால் சுறாவை ஆராய வரும் இளைஞன் ஹூப்பரோடு அவளுக்கு ஏற்படும் உறவைப் பற்றிய அத்தியாயம் இழுவை. ஒரு பெண்ணின் மனசை ஆண் எழுத்தாளர் ஒருவர் வெளியே நின்று ஊகித்து எழுதியது போல இருக்கிறது. அங்கே அலுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள், தாண்டி வாருங்கள்.

பெஞ்ச்லி பிற்காலத்தில் சுறாக்களைக் காப்பாற்றப் பாடுபட்டார். தன் கதை சுறாவைப் பற்றிக் கிளப்பிவிட்ட பயத்துக்காக வருத்தமும் பட்டார். சுறா மனிதனைக் குறிவைத்து வேட்டையாடும் என்று இன்று கடல் உயிரியல் தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே நாவலின் மிருகப் பாதி பழசாகிவிட்டது. மேயர், பத்திரிகை ஆசிரியர், வேலை போய்விடுமோ என்று பயந்த போலீஸ்காரர் என்று இவர்கள் வரும் பாதியில் ஒரு வரிகூடப் பழசாகவில்லை.

படம் பார்த்தவர்கள் தயங்காமல் நாவலைப் படியுங்கள். முடிவும் படத்தில் இருப்பது போல இல்லை. படித்துவிட்டு, பிராடி முதல் நாளே மேயரின் பேச்சை மீறியிருக்க முடியுமா என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பற்றி உங்களோடு பேச எனக்கு நிஜமாகவே ஆசை.