கைக்குத் தெரியும் கல்

நேயர்களுக்கு வணக்கம். கல் சேர்ப்பவனை வானொலியில் பேசக் கூப்பிட்டால் ஒரு சங்கடம், கல்லைக் காட்ட முடியாது. இன்றைய கல்லுக்கு அது பெரிய குறையில்லை. கேசிட்டரைட்டைக் கண்ணைவிடக் கைதான் நன்றாக அடையாளம் காணும்.

வெள்ளீயம் எடுக்கிற முக்கியத் தாது இதுதான். வெள்ளீயமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. தூய நிலையில் எடையில் 78 சதவீதத்துக்கு மேல் உலோகம். இரும்பு கலப்பதால் பெரும்பாலும் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும்.

கல் சேர்க்கத் தொடங்கிய புதிதில் கலவைக் கற்கள் ஒரு பெட்டி வாங்கினேன். அதில் இரண்டு கறுப்புக் கற்கள். இரண்டும் கட்டைவிரல் நுனியளவு, இரண்டும் பளபளப்பு. இரண்டுக்குமே டூர்மலின் என்று, அதாவது வேறொரு கனிமத்தின் பெயரை, சீட்டு எழுதி வைத்துவிட்டேன். பல வருடம் அப்படியே கிடந்தன. ஒருநாள் தூசி துடைக்கையில் கைக்கு ஒன்றாக எடுத்தேன். வலது கை இறங்கியது! மாற்றிப் பிடித்தேன், இடது கை இறங்கியது. சரி, தராசைக் கொண்டுவந்தேன். கனமான கல் 28 கிராம். அதையே நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் 24. நாலு கிராம் குறைகிறது, அது கல்லின் பருமனளவு தண்ணீரின் எடை. 28-ஐ நாலால் வகுத்தால் ஏழு. அதாவது தண்ணீரைப்போல் ஏழு மடங்கு கனம், கேசிட்டரைட்டின் கனம். டூர்மலின் மூன்றைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இத்தனை நாள் கண்ணை நம்பியிருக்கிறேன் பாருங்கள்.

இந்தக் கனத்தை நம்பித்தான் ஒரு தொழிலே நடந்தது. கிரானைட் மலை சிதைந்து ஆற்றில் வரும்போது லேசான மணலை நீர் இழுத்துப் போய்விடும். கேசிட்டரைட் அடியில் தங்கிவிடும். மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கிலும் இந்தோனேசியாவின் பங்கா தீவிலும் அப்படித் தங்கியதைத்தான் அலசி எடுத்தார்கள். மறுபடியும் சொல்கிறேன், கனம்தான்.

கனம் போதாது என்பவர்களுக்கு ஒரு சோதனை. கல்லைத் துத்தநாகத் துண்டோடு ஒட்டினாற்போல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் போடுங்கள். காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு. கல்மேல் சாம்பல் படலம் படியும். துணியால் தேய்த்தால் வெள்ளியாக மினுங்கும், அது வெள்ளீயம். அழகான படிகத்தில் செய்துவிடாதீர்கள், உடைசலில் செய்யுங்கள்.

சேகரிப்பைப் பற்றி நிறையப் பேச நினைத்தேன், ஆனால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்கிறேன். முழங்கை மடக்கினதுபோல் வளைந்த இரட்டைப் படிகம் கிடைத்தால் விடாதீர்கள். பொலிவியாவின் விலோகோ கற்களின் பளபளப்பு தனி. இங்கிலாந்தின் கார்ன்வாலில் மரத்தின் வளையம்போல வரியோடிய வகையும் உண்டு. அப்புறம், எந்தக் கல்லானாலும் அது கிடைத்த இடத்தைச் சீட்டில் எழுதுங்கள். என்னுடைய 28 கிராம் கல்லின் சீட்டில் பெயரைத் திருத்திவிட்டேன், ஊர்ப் பெயருக்கான கோடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வணக்கம்.