திரிந்த காடு: ஒரு கற்பனை வனத்தை எப்படிக் கெடுப்பது?

[காட்சி: மேசை விளக்கின் வெளிச்சத்தில் ஒரு பெரிய காகித வரைபடம். அதன் மேல்பாதி முழுக்கக் கறுப்பு மை.]

வணக்கம். இந்தக் கறுப்பு மை முழுவதும் காடு. குறுக்கே நடந்து கடக்க நாற்பது நாள் ஆகும் என்று ஓரத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். கருகிய மரங்கள், புதருக்குள் சிவந்த கண்கள், காலில் இடறும் எலும்புகள், எந்நேரமும் மூடுபனி. கோலாலம்பூர்ச் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் சனிக்கிழமை இரவுகளில் ஐந்து பேர் கூடிப் பகடை உருட்டிக் கதையாட்டம் ஆடுகிறோம். கதையை நடத்துபவன் நான். மற்ற நால்வரும் அதற்குள் நடப்பவர்கள். அவர்களுக்காக மூன்று வாரம் உட்கார்ந்து இதை வரைந்தேன்.

முதல் இரவிலேயே காடு படுத்துவிட்டது. ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார். இன்னொருவர் முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் தம்பி மட்டும் கேட்டான்: "அண்ணே, பட்டுப்போன மரத்தைப் பார்த்து எவனாவது பயப்படுவானா? பச்சையாக நிற்கிற மரத்தைப் பார்த்துத்தானே பயப்பட வேண்டும்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வீடியோ அந்தப் பதில்தான். சற்றுத் தாமதம், அவ்வளவே.

[காட்சி: சிரட்டை அளவிலான ஒரு பழைய பீங்கான் கோப்பை.]

இது பாட்டியின் கோப்பை. பால்மரம், அதாவது ரப்பர் மரம் வெட்டிய காலத்தில் தோட்டத்திலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே பொருள். இப்போது இதில் சில்லறைக் காசு போட்டு வைத்திருக்கிறார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போவார்கள். அந்தக் குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். பட்டையில் சாய்வாக ஒரு கோடு இழுத்தால் வெள்ளைப் பால் கோட்டின் வழியே இறங்கி, தகரத் தூம்பில் வழிந்து, கோப்பையில் சொட்டும். நேரத்துக்கு எடுக்காமல் விட்டாலோ கோப்பைக்குள்ளேயே இறுகி, பந்துபோல் உருண்டு, ஒரு பர்லாங்குக்கு நாறும். "திரிந்துபோன பால்" என்பார் பாட்டி. அடுப்பில் வைத்த மாட்டுப்பாலுக்கும் அவருக்கு அதே சொல்தான்.

அந்தச் சொல்லை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். அயல்நாட்டுக் கற்பனைக் கதைகளின் கெட்ட காட்டை, ஆங்கிலத்தில் 'corrupted' என்பார்களே அதை, தமிழாக்கும்போது நாம் 'சபிக்கப்பட்ட' என்கிறோம், 'மாசடைந்த' என்கிறோம், அகராதியை நம்பினால் 'ஊழல் மலிந்த' என்றுகூடப் போய்விடுவோம். காடு லஞ்சம் வாங்கியதுபோல! மாசு என்றால் வெளியிலிருந்து ஏதோ வந்து ஒட்டியிருக்க வேண்டும். சாபம் என்றால் யாரோ கொடுத்திருக்க வேண்டும். திரிவதற்கு அந்த இரண்டும் வேண்டாம்.

பால் ஏன் திரிகிறது? ரப்பர் பாலில் கண்ணுக்குத் தெரியாத ரப்பர்த் துகள்கள் மிதக்கின்றன. எல்லாத் துகளின் மேற்பரப்பிலும் எதிர்மின்னூட்டம். ஒரே வகை மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே துகள்கள் நெருங்காமல் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு மிதக்கின்றன. அதுவரை அது பால். நுண்ணுயிர்கள் பெருகி அமிலம் சுரந்ததும் அந்த மின்னூட்டம் தணிகிறது. விலகி நின்றவை ஒட்டிக்கொள்கின்றன. கோப்பையில் இருந்த ரப்பர் அதே ரப்பர்தான், கூடவுமில்லை, குறையவுமில்லை. நடுவில் இருந்த இடைவெளி மட்டும் போய்விட்டது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரு வரி தலைக்குள் வந்து தட்டியது.

[காட்சி: கறுப்புத் திரையில் மூன்று வரிகள் ஒவ்வொன்றாக.]

"முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து, நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்து, பாலை என்பதோர் படிவம் கொள்ளும்." சிலப்பதிகாரம், காடுகாண் காதை. காடான முல்லையும் மலையான குறிஞ்சியும் கொடும் வேனிலில் தங்கள் முறைமையிலிருந்து திரிந்தால் அதற்குப் பெயர் பாலை. பாலை தனியாக ஒரு நிலமன்று, காடு எடுக்கும் இன்னொரு வடிவம். கெட்ட காட்டுக்கு இதைவிடத் துல்லியமான இலக்கணத்தை எந்த விளையாட்டுக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. பாட்டியின் சொல்லும் இளங்கோவடிகளின் சொல்லும் ஒன்றே என்று தெரிந்த அன்று வரைபடத்தைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். புதுக் காட்டுக்குத் திரிகாடு என்று பெயர் வைத்தேன்.

திரிகாட்டில் கருகிய மரம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் பச்சை. முறைமை மட்டும் பிசகியிருக்கிறது. அது எப்படிப் பிசகும் என்று காட்டக் கற்பனை அதிகம் தேவைப்படவில்லை. நம் வட்டாரக் காடுகளே போதும்.

[காட்சி: இலையின் அடிப்பக்கம். நடு நரம்பைக் கடித்தபடி ஓர் எறும்பு. அதன் பிடரியிலிருந்து மெல்லிய காம்பு ஒன்று நீண்டிருக்கிறது.]

இந்த எறும்பின் வீடு மரத்தின் உச்சியில். தரைப்பக்கம் வர அதற்கு அதிக வேலை கிடையாது. ஆபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சையின் வித்து அதன் மேல் விழுந்து உள்ளே நுழைந்துவிட்டால், சில நாளில் எறும்பு தன் வரிசையை விட்டு விலகித் தடுமாறிக் கீழே வரும். தென் தாய்லாந்துக் காட்டில் இதைக் கவனித்த ஆய்வாளர்கள் அது வந்து நிற்கும் உயரத்தையே அளந்திருக்கிறார்கள்: தரையிலிருந்து ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். பூஞ்சைக்கு வேண்டிய ஈரமும் வெப்பமும் அங்கேதான் சரியாக இருக்கின்றன. நண்பகல் வாக்கில் இலையின் அடியில் நரம்பைக் கவ்வும். பிறகு அந்தத் தாடை திறப்பதே இல்லை. எறும்பு செத்தபின் பிடரியைத் துளைத்துக் காம்பு முளைத்துக் கீழே போகும் எறும்புகள் மேல் வித்துகளைத் தூவும். ஒரே இடத்தில் பல எறும்புகள் இப்படிச் செத்துத் தொங்குவதால் அந்த இடங்களை ஆய்வாளர்கள் இடுகாடு என்கிறார்கள். இடுகாடு, சுடுகாடு, முதுகாடு என்று காட்டையும் மயானத்தையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிய நமக்கு இதில் வியப்பு இல்லை.

எனக்குத் தூக்கம் கெட்டது இதனால் அல்ல. பூஞ்சை எறும்பின் மூளையைப் பிடித்து ஆட்டுகிறது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 2017-இல் உடலை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தபோது, பூஞ்சை தசைநார்களைச் சுற்றி வலைபோலப் பின்னியிருந்தது. மூளைக்குள் மட்டும் நுழையவில்லை. ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்கிறார், கையும் காலும் வேறொருவர் வசம்.

ஆகவே திரிகாட்டில் கெட்டுப்போன மனிதர்களுக்குச் சிவந்த கண் கிடையாது. அவர்கள் தெளிவாகப் பேசுவார்கள். "தம்பி, ஓடிவிடு, என் கையை என்னால் நிறுத்த முடியவில்லை" என்று அழுதுகொண்டே கத்தியை ஓங்குவார்கள். இரண்டாவது சனிக்கிழமை இந்தக் காட்சியை நடத்தினேன். முறுக்குத் தட்டு அப்படியே இருந்தது.

அடுத்து, காடு எங்கிருந்து கெட ஆரம்பிக்கிறது? மந்திரவாதி வேண்டும், உடைந்த கல் வேண்டும், நடுவில் ஒரு கறுப்புக் கோபுரம் வேண்டும் என்று எல்லாரும் தேடுவார்கள். நெகிரி செம்பிலானில் பாசோ என்று ஒரு காப்புக்காடு இருக்கிறது. உள்பகுதியில் கோடரி படவில்லை, தீ படவில்லை. ஆனாலும் ஆய்வாளர்கள் இளமரங்களை எண்ணி வந்தபோது 24 ஆண்டுகளில் அவற்றின் அடர்த்தி 62 சதவீதம் குறைந்திருந்தது. 2017-இல் வெளியான அந்த ஆய்வு காட்டிய குற்றவாளி காட்டுப்பன்றி. காட்டைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். பழம் உதிரும் காலத்தில் பன்றிகள் இரவில் போய் வயிறு முட்டத் தின்கின்றன, பெருகுகின்றன. குட்டி போடுவதற்குக் காட்டுக்குள் திரும்பி வந்து, இளங்கன்றுகளை நூற்றுக்கணக்கில் கடித்து ஒடித்துக் குவித்துப் படுக்கை போடுகின்றன.

[காட்சி: ஒடித்த கன்றுகளின் குவியல். மேலே நெடுமரங்கள் நலமாக நிற்கின்றன.]

மேலே பார்த்தால் காடு கம்பீரம். கீழே அடுத்த தலைமுறை இல்லை. பக்கத்தில் பஞ்சம் வந்து கெட்ட காடு அல்ல இது. பக்கத்தில் விருந்து நடந்து கெட்ட காடு. இந்த இடத்தில் அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. (இந்நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917-இல், கோல சிலாங்கூர்ப் பக்கம். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரிலேயே மரம் மாறிவிட்டது.)

திரிகாட்டின் ஓரத்திலும் ஒரு செழிப்பான ஊரை வைத்தேன். நல்ல மக்கள், நல்ல விளைச்சல், எல்லையில் முனியாண்டிக்குச் சின்னக் கோயில். காடு கெட்டதற்கு அவர்களுடைய களஞ்சியமே காரணம் என்று கண்டுபிடிக்க என் நண்பர்களுக்கு நான்கு வாரம் ஆனது. அதுவரை ஒரு மந்திரவாதியைத் தேடி அலைந்தார்கள். நானும் தடுக்கவில்லை.

வழி தவறுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு மாயமே தேவையில்லை. 2009-இல் ஜெர்மனியில் ஆட்களைக் காட்டில் நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியன் தெரிந்தவர்கள் நேராகப் போனார்கள். மேகம் மூடிய நாளில் நடந்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் வட்டமடித்தார்கள். எனவே திரிகாட்டில் வானம் மறைந்தால் நான் பகடை உருட்டச் சொல்வதில்லை. "நேராகப் போகிறீர்கள்" என்று மட்டும் சொல்வேன். நம்பவில்லையா, கோலாலம்பூர் நடுவில் புக்கிட் நானாஸ் போய்ப் பாருங்கள். 1906-இலேயே காப்புக்காடாக அறிவித்த இடம். இன்று மிஞ்சியது ஒன்பது ஹெக்டேர் அளவுதான். 421 மீட்டர்க் கோபுரமே அதற்குள் நிற்கிறது. உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் அந்தக் கோபுரம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

காடு ஏமாற்றுவதையும் அந்தக் காடுகாண் காதையிலிருந்தே எடுத்துக்கொண்டேன். தண்ணீர் தேடிப் பொய்கைக்குப் போன கோவலன் முன் கானுறை தெய்வம் ஒன்று, மாதவியின் தோழி வயந்தமாலை வடிவில் வந்து காலில் விழுந்து அழுகிறது. பூதமாகவோ பேயாகவோ அது வரவில்லை. அவன் விட்டுவந்த வாழ்க்கையிலிருந்து ஒரு முகத்தைப் பொறுக்கிக்கொண்டு வருகிறது. அவன் மந்திரம் சொன்னதும் உண்மையை ஒப்புக்கொண்டு ஒரு வேண்டுகோள் வைக்கிறதே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்: கண்ணகியிடமும் கவுந்தியடிகளிடமும் இதைச் சொல்லிவிடாதே! அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சும் பையனைப்போல ஒரு வனதெய்வம்.

[காட்சி: கீழிருந்து மேலே. கபூர் மரங்களின் உச்சிகள். இலைக் கூட்டங்களுக்கு நடுவே வெளிச்சம் ஆறுகளைப்போலப் பிரிந்து ஓடுகிறது.]

இது கெப்போங்கில், வன ஆராய்ச்சிக் கழக வளாகத்தில் எடுத்தது. கழுத்து வலிக்க அரை மணி நேரம் படுத்துக் கிடந்தேன். கபூர் மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒவ்வொரு மரமும் பக்கத்து மரத்துக்கு ஒரு முழம் விட்டு நின்றுவிடுகிறது. காற்றில் உரசி நுனிகள் தேய்வதால் என்பது ஒரு விளக்கம். பக்கத்து இலையின் நிழலை உணர்ந்து நுனி வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது என்பது இன்னொன்று. எதுவானாலும், பாட்டியின் கோப்பையில் பார்த்த அதே இடைவெளி இங்கே அறுபது அடிக்கு மேல் இருந்தது. திரிகாட்டின் முதல் அடையாளம் அங்கேயே கிடைத்துவிட்டது: மேலே பாருங்கள், வெளிச்சத்தின் ஆறுகள் மூடிக்கொண்டு வருகின்றன. என் ஆட்டத்தில் இப்போது எல்லாரும் காட்டில் கால் வைத்ததும் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள்.

கடைசியாக அவர்கள் கேட்டது, இதைத் திருப்ப முடியுமா என்று. திரிந்த பாலை மீண்டும் பாலாக்க முடியாது. ஆனால் கெப்போங்கின் அந்தக் காடு நிற்கும் மண் நூறு ஆண்டுக்கு முன் வெள்ளீயம் தோண்டிச் சூறையாடிய பொட்டல். 1920-களில் நடத் தொடங்கி, 1929-இல் ஆராய்ச்சி நிலையம் அமைத்து, இன்று யானைக்கால் பருமனில் மரங்கள். 2025-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊரில் கெட்ட மண்ணைப் பிடித்துக்கொள்ளும் லாலாங் புல்லை எரித்தால் அடிக்கிழங்கிலிருந்து இன்னும் வேகமாக முளைக்கும். நிழல் விழுந்தால் மட்டுமே அடங்கும். ஆகவே திரிகாட்டையும் வாளால் வெல்ல முடியாது, நெருப்பால் முடியவே முடியாது. நிழல் தரும் கன்றுகளை நட்டு, அவை வளரும் வரை பன்றியையும் தீயையும் தள்ளி வைக்க வேண்டும். கணக்குப் போட்டால் எண்பது ஆண்டு.

"அதற்குள் நாங்கள் செத்துவிடுவோமே" என்றார்கள். ஆமாம் என்றேன். அடுத்த சனிக்கிழமை நால்வரும் அவரவர் பேரப்பிள்ளைகளாக வந்து உட்கார வேண்டும். தம்பி தன் பேத்திக்கு இப்போதே பெயர் வைத்துவிட்டான்: முல்லை. அவளுடைய பையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரு மண்வெட்டி, நாற்பது கன்றுகள், தாத்தாவின் பழைய கத்தி. கத்தி எதற்கு என்றேன். கன்றைச் சுற்றிக் களை எடுக்க என்றான்.