முதலில் அவர் பேசட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

சின்ன வயதில் எங்களைத் துக்க வீட்டுக்குக் கூட்டிப் போகும்போது என் அம்மா வழியெல்லாம் இரண்டு விஷயம் சொல்லிக்கொண்டே வருவாள். "உள்ளே போனதும் நீயாக வாயைத் திறக்காதே. கிளம்பும்போது போய்ட்டு வரேன்னு சொல்லிடாதே, பேசாமல் எழுந்து வந்துடு." உங்களில் பலர் வீட்டிலும் இதே பாடம்தான் நடந்திருக்கும்.

பல வருஷம் கழித்து யூதர்களின் துக்க முறைகளைப் பற்றிப் படித்தேன். அங்கேயும் என் அம்மா உட்கார்ந்திருந்தாள்! அவர்கள் அதை 'ஷிவா' என்கிறார்கள். ஷிவா என்றால் ஏழு. அடக்கம் முடிந்தபின் ஏழு நாள் நெருங்கிய சொந்தங்கள் தாழ்வான ஆசனத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் துணி போட்டு மூடிவிடுவது வழக்கம். வருகிறவர்கள் 'ஷாலோம்', அதாவது சமாதானம், என்று முகமன் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: துக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கும்வரை, ஆறுதல் சொல்ல வந்தவர் பேசக் கூடாது.

இதற்கு மூலம் பைபிளில் வரும் யோபுவின் கதை. எல்லாவற்றையும் பறிகொடுத்த யோபுவைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள், இரவும் பகலும், அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள்தான். அப்புறம் காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். உன் மேல் ஏதோ தப்பு இருக்கிறது என்றார்கள். அங்கேதான் கெட்டது.

பாலஸ்தீனர் வீடுகளில் மூன்று நாள். தெருவில் பந்தல் போட்டு, நாற்காலிகள் போட்டு வைத்திருப்பார்கள். சர்க்கரை போடாத கசப்புக் காப்பி, கூடவே பேரீச்சம்பழம். வருகிறவர்கள் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு, "அல்-பகிய்யா ஃபி ஹயாதக்". மீதி ஆயுள் உங்களுக்குச் சேரட்டும் என்று பொருள். போனவர் வாழாமல் விட்டுப்போன நாட்களை இருப்பவர் கணக்கில் எழுதுகிற வாசகம் அது. எத்தனையோ மொழிகளின் ஆறுதல் சொற்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன், இதற்கு ஈடாக ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? 2023 அக்டோபர் 7 அன்று பாலஸ்தீன ஆயுத அமைப்பான ஹமாஸ் நடத்திய தாக்குதலில் தெற்கு இஸ்ரேலில் ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேரைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பின் காசாவில் நடந்த போரில் செத்தவர்களின் எண்ணிக்கை, அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி, 2025 ஜூலை முடிவதற்குள் 60,000-ஐத் தாண்டிவிட்டது. இத்தனை துக்க வீடுகள். ஆனால் உலகம் ஏழு நாள் வேண்டாம், ஏழு நிமிஷம் பேசாமல் இருந்ததா? உடல்களை அடையாளம் காண்பதற்குள் ஊர் ஊராகக் கேள்வி கிளம்பிவிட்டது. நீ அதைக் கண்டித்தாயா? அப்படியானால் இதை ஏன் கண்டிக்கவில்லை? அழுகிறவரைப் பார்த்து, முதலில் எந்தப் பக்கம் என்று சொல், அப்புறம் அழு என்கிறோம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாளாவது பொறுத்தார்கள்.

துக்கம் காக்கவே வழியில்லாதவர்களும் இருக்கிறார்கள். காசாவில் பந்தலுக்கு எங்கே இடம்? ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குழி வெட்டிப் புதைத்தார்கள். இடிபாடுகளுக்கு அடியிலிருந்து எடுக்க முடியாமல் போனவர்கள் ஆயிரக்கணக்கில். 2023 அக்டோபர் 27 இரவு தொலைபேசி, இணையம் எல்லாம் அறுந்துபோனது. வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்கு, அப்பா அம்மா இருக்கிறார்களா இல்லையா என்று தெரியவில்லை. இறந்தது தெரிந்தால்தானே துக்கம் விசாரிக்க முடியும்? இந்தப் பக்கம், டெல் அவிவில் கலை அருங்காட்சியகத்தின் முன்னால், பிணைக்கைதிகளுக்காக நீளமாக விருந்து மேஜை போட்டு, ஆளில்லாத நாற்காலிகளை வரிசையாக வைத்தார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாதவர்களுக்கு ஷிவாவும் உட்கார முடியாது.

தொலைபேசி என்றதும் எனக்குப் பிடித்த கதை ஒன்று ஞாபகம் வருகிறது. இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

2000-ஆம் வருஷம். இரண்டாவது இன்டிஃபாதா, அதாவது பாலஸ்தீனர்களின் எழுச்சி, ஆரம்பித்த சமயம். இஸ்ரேலில் ஒரு பெண் தன் சிநேகிதிக்குப் போன் போடுகிறாள். எண் மாறிவிட்டது. எடுத்தவர் காசாவில் இருக்கும் ஒரு பாலஸ்தீனர். ராங் நம்பர்! நாமாக இருந்தால் "சாரி" என்று வைத்துவிடுவோம். அவள் வைக்கவில்லை, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். நிலைமை மோசம், ஊரடங்கு, மனைவி கர்ப்பமாக இருக்கிறாள் என்று அவர் சொன்னதாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் சொல்வார்கள். சுமார் இருபது நிமிஷம் பேசினார்கள். அப்புறம் அவர் பக்கத்து ஆட்கள் இவளோடும், இவள் பக்கத்து ஆட்கள் அவரோடும் பேச ஆரம்பித்தார்கள்.

இது அப்படியே போயிருந்தால் ஒரு வேடிக்கைக் கதை, அவ்வளவுதான். ஆனால் 'பேரன்ட்ஸ் சர்க்கிள்' என்று ஓர் அமைப்பு, இரண்டு பக்கமும் இந்த மோதலில் பிள்ளைகளையும் சொந்தங்களையும் இழந்த குடும்பங்களின் அமைப்பு, 2002-இல் இதை ஓர் இலவசத் தொலைபேசி இணைப்பாகவே ஆக்கிவிட்டது. நட்சத்திரக் குறி, 6364. அந்த எண்ணை அழுத்தினால் எதிர்ப்பக்கத்து ஆட்கள் பதிவு செய்து வைத்த குரல்களைக் கேட்க முடிந்தது. தன் குரலையும் பதிவு செய்ய முடிந்தது. பிடித்திருந்தால் நேரடியாகப் பேசவும் முடிந்தது. பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மேற்குக் கரை ஊர்களான ஜெனினிலும் நப்லூஸிலும் இஸ்ரேலிய ராணுவ டாங்கிகள் நின்ற வருஷங்கள். அந்தக் காலத்தில் லட்சக்கணக்கான அழைப்புகள்! திட்டியவர்கள் உண்டு. திட்டுவதற்காகவே போன் போட்டவர்களும் உண்டு. போகட்டுமே, திட்டுவதற்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அந்த இணைப்பின் பெயர் "ஹலோ ஷாலோம், ஹலோ ஸலாம்". துக்க வீட்டில் சொல்லக் கூடாத அந்த வார்த்தையைத் துக்க வீட்டுக்காரர்களே பெயராக வைத்தார்கள் என்பதை நினைத்துப் பார்ப்பேன்.

அந்த அமைப்பை 1995-இல் தொடங்கியவர் இட்ஸ்ஹாக் ஃபிராங்கென்தால். அவர் மகனை 1994-இல் ஹமாஸ் கடத்திக் கொன்றது. அதில் சேர்ந்த ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ராமி எல்ஹானன், இஸ்ரேலியர், ஜெருசலேம்காரர். 1997 செப்டம்பர் 4, பென் யெஹூதா தெருவில் தற்கொலைக் குண்டுவெடிப்பு. அவருடைய மகள் ஸ்மதார் அதில் போய்விட்டாள். வயது 13. ஷிவாவுக்கு வந்தவர்களில் இந்த ஃபிராங்கென்தாலும் ஒருவர். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து ராமி அவரைப் பார்த்து, பிள்ளை செத்த வீட்டுக்கு வந்து சமாதானம் பேச உனக்கு எப்படி மனசு வந்தது என்று சண்டை போட்டிருக்கிறார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஒரு தடவை வந்து பார் என்றார்.

ராமி போனார். ஓரமாகத்தான் நின்றார். பஸ்களிலிருந்து ஆட்கள் இறங்குகிறார்கள். கறுப்பு அங்கி போட்ட பாலஸ்தீனப் பெண் ஒருத்தி இறங்கினாள். அவள் நெஞ்சில் ஒரு குழந்தையின் படம். அந்தக் காட்சியை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். யாரும் அவருக்கு எதையும் விளக்கவில்லை, கவனியுங்கள். என் அம்மாவின் முதல் பாடம்!

பின்னால் அவருக்கு சகோதரன் போல ஆனவர் பஸ்ஸாம் அராமின் என்ற பாலஸ்தீனர். பதினேழு வயதில் சிறைக்குப் போய் ஏழு வருஷம் இருந்தவர். 2007 ஜனவரியில், அனாதா என்ற ஊரில், பள்ளிக்கூடத்துக்கு வெளியே, அவருடைய மகள் அபீர் இஸ்ரேலிய எல்லைக் காவல் படையின் ரப்பர் தோட்டா தலையில் பட்டு இறந்தாள். வயது 10. குற்ற வழக்கு நடக்கவில்லை. 2010-இல் ஜெருசலேம் நீதிமன்றம் அரசே பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. இந்த இருவரும் ஊர் ஊராக, பள்ளி பள்ளியாக, ஒன்றாகப் போய்ப் பேசுகிறார்கள். முதலில் தங்கள் மகளின் பெயரைச் சொல்வார்கள், கருத்தெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதையெல்லாம் எல்லோரும் வரவேற்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். போரிலும் தாக்குதலிலும் இறந்தவர்களுக்காக இஸ்ரேல் அனுசரிக்கும் நினைவு நாளுக்கு முந்தின இரவு எட்டு மணிக்கு நாடு முழுக்கச் சங்கு ஊதும். நெடுஞ்சாலையில் போகிறவர்கள்கூட வண்டியை நிறுத்தி இறங்கி நிற்பார்கள். அதே இரவில் 2006 முதல் இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் சேர்ந்து ஒரு நினைவுக்கூட்டம் நடத்துகின்றன. 2018-இல் பாலஸ்தீனக் குடும்பங்கள் வர பாதுகாப்பு அமைச்சர் அனுமதி மறுத்தார், உச்ச நீதிமன்றம் தலையிட்டு வரவிட்டது. வாசலில் நின்று துரோகிகள் என்று கத்துகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. பாலஸ்தீனர் பக்கமும், எதிரியோடு உட்கார்ந்து அழுவதா, ஆக்கிரமிப்பைச் சகஜமாக்குகிறாய் என்ற குற்றச்சாட்டு உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. கூட்டம் முடிந்ததும் ஒருவர் வீட்டுக்குப் போகிறார், இன்னொருவர் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்கிறார். 2024-இல் போரினால் பார்வையாளர்கள் இல்லாமல், முன்கூட்டியே பதிவு செய்து ஒளிபரப்பினார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷமாம். ராங் நம்பரிலேயே நேரத்தைத் தின்றுவிட்டேன். 2025 மார்ச்சுக்குப் பின் டெல் அவிவில் காசாக் குழந்தைகளின் படங்களை ஏந்திப் பேசாமல் நின்றவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், விட்டுவிடுகிறேன். விவியன் சில்வர் என்ற அம்மையாரைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கனடாவிலிருந்து போய், காசா எல்லைக்குப் பக்கத்தில் பேஏரி என்ற கிபுத்ஸில், அதாவது கூட்டுக் குடியிருப்புக் கிராமத்தில், வாழ்ந்தவர். 'சமாதானத்துக்காகப் போராடும் பெண்கள்' இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2023 அக்டோபர் 4 அன்று இஸ்ரேலியப் பெண்களும் பாலஸ்தீனப் பெண்களும் ஜெருசலேமிலும் சாக்கடல் கரையிலும் ஒன்றுகூடினார்கள். மூன்றாவது நாள் அவர் வீட்டிலேயே கொல்லப்பட்டார். காசாவில் பிணையாக இருக்கிறார் என்றுதான் ஒரு மாதத்துக்கும் மேல் நம்பினார்கள். நவம்பரில்தான் எச்சங்களை வைத்து அடையாளம் கண்டார்கள். அவருடைய நினைவுக்கூட்டத்துக்கு யூதர்களும் அரபியரும் வந்திருந்தார்கள். இதைப் படித்த அன்று, என் அம்மாவின் இரண்டாவது பாடம்...

நேரமாகிவிட்டதாம். பேசாமல் எழுந்துகொள்கிறேன்.