பறிக்க வசதியாகத் தைத்த பொத்தான்கள்

நேயர்களுக்கு வணக்கம். மானம் மரியாதை போவதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால் அறிவுரையில் போய் முடியும். அதனால் ஒரே ஒரு மனிதரின் கதையை எடுத்துக்கொள்கிறேன்.

ஆல்ஃபிரெட் டிரைஃபஸ். பிரெஞ்சுப் பீரங்கிப் படையில் கேப்டன், யூதர். ஜெர்மனிக்கு ராணுவ ரகசியம் விற்றார் என்று 1894 டிசம்பரில் தண்டித்தார்கள். சிக்கிய ஒரு கடிதத்தின் கையெழுத்து அவருடையதாம். அவ்வளவுதான் ஆதாரம், போதாததற்கு அவருக்கோ வக்கீலுக்கோ காட்டாமல் நீதிபதிகளிடம் ரகசியமாக ஒரு கோப்பையும் கொடுத்தார்கள்.

1895 ஜனவரி 5, பாரிஸ் ராணுவப் பள்ளி முற்றம். சுற்றிலும் படைவீரர்கள். வெளியே யூதர்களைக் கொல்லச் சொல்லிக் கத்தும் கூட்டம். ஒருவர் வந்து டிரைஃபஸின் தொப்பியிலும் சட்டையிலும் இருந்த பட்டைகளைப் பிய்க்கிறார், பொத்தான்களைப் பறிக்கிறார், வாளை முழங்காலில் வைத்து ஒடிக்கிறார். அப்புறம் அந்தக் கிழிந்த உடுப்போடு முற்றம் முழுக்க நடத்திக்கொண்டு போகிறார்கள்.

பட்டைகளும் பொத்தான்களும் சட்டென்று கையோடு வரவேண்டும் என்பதற்காக முன்கூட்டியே அவற்றைப் பிரித்து, லேசாக நூல் ஓட்டி வைத்திருந்தார்கள். வாளையும் அராவி வைத்திருந்தார்கள். ஆத்திரத்தில் ஒருவரை அவமானப்படுத்துவது நமக்குத் தெரியும். இங்கே யாரோ ஊசியும் நூலுமாக உட்கார்ந்து நிதானமாக வேலை பார்த்திருக்கிறார்கள்.

டிரைஃபஸ் தலைகுனியவில்லை. நான் குற்றமற்றவன், பிரான்ஸ் வாழ்க, ராணுவம் வாழ்க என்று கத்தினார். தன்னை உரித்துக்கொண்டிருந்த ராணுவத்தைத்தான் வாழ்த்தினார்!

மானம் கப்பலேறியது என்போம். இவர் விஷயத்தில் ஆளையே கப்பலேற்றி, தென் அமெரிக்கக் கரையோரம் இருக்கும் பிசாசுத் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்.

கடிதத்தை எழுதியவர் எஸ்டெர்ஹாசி என்ற இன்னொரு அதிகாரி என்பதை 1896லேயே பிக்கார் என்ற உளவுத்துறை அதிகாரி கண்டுபிடித்துவிட்டார். தவறை ஒப்புக்கொண்டால் ராணுவத்தின் மானம் போய்விடும் என்று மேலதிகாரிகள் மூடி மறைத்தார்கள். மானத்தைக் காக்க, ஆன்றி என்ற அதிகாரி போலி ஆவணமே தயாரித்தார். 1898இல் பிடிபட்டதும் காவலில் கழுத்தை அறுத்துக்கொண்டு செத்தார். டிரைஃபஸின் மானத்தைப் பறித்தவர்களும் மானம் பற்றித்தான் ஓயாமல் பேசினார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1899இல் மறுவிசாரணை வைத்தார்கள். மறுபடியும் குற்றவாளி என்றே தீர்ப்பு. பத்தே நாளில் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்கினார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பை ஏற்கலாமா என்று ஆதரவாளர்களே முகம் சுளித்தார்கள். உடம்பு தேய்ந்து கிடந்த டிரைஃபஸ் ஏற்றுக்கொண்டார். கூடவே, மானம் இல்லாத விடுதலை எனக்கு ஒன்றுமில்லை, போராட்டம் தொடரும் என்று அறிக்கையும் விட்டார். முகம் சுளித்தவர்கள் யாரும் அந்தத் தீவில் இருந்ததில்லை.

1906 ஜூலையில் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் அவர் நிரபராதி என்றது. அதே பள்ளியின் சின்ன முற்றம் ஒன்றில் பதக்கம் குத்தினார்கள். மேஜர் பதவியும் கிடைத்தது. ஆனால் சிறையில் போன ஆண்டுகளைப் பணிக்காலத்தில் சேர்க்கவில்லை. இடையில் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டிருந்த பிக்காருக்கு மட்டும் அந்த ஆண்டுகளைச் சேர்த்து ஜெனரலாக்கினார்கள். அந்தக் கணக்கைத்தான் டிரைஃபஸால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். 1907இல் ஓய்வு கேட்டு வெளியேறிவிட்டார். முதல் உலகப் போர் வந்ததும் திரும்பவும் உடுப்பு மாட்டிக்கொண்டு போனார். 1935இல் காலமானார்.

அவரை ஜெனரலாக உயர்த்தும் சட்டம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2025இல்.