துணிக்கென்று ஒரு கத்தரிக்கோல்

நேயர்களுக்கு வணக்கம். சின்னச் சின்னத் துணித் துண்டுகளை இணைத்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தத் தையல் இயந்திரம் வாங்கலாம் என்பதுதான். எதை வைத்து வெட்டப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

நம் பழைய கணக்கில் வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. வீசம் அங்குலம் என்பது ஏறக்குறைய ஓர் அரிசியின் தடிமன்தான். ஆனால் சதுரத் துண்டு ஒவ்வொன்றும் அந்த வீசம் கூடிப்போனால், 12 துண்டுகள் சேர்ந்த வரிசையில் முக்கால் அங்குலம் கூடிவிடும். பக்கத்து வரிசையோடு இழுத்துப் பிடித்து இணைத்தால், போர்வை தரையில் படியாமல் அலை அலையாக எழும்பும். தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். குறைவாக வெட்டிய துணியை என்ன செய்வது?

முதலில் வாங்க வேண்டியது, துணிக்கென்றே ஒரு கத்தரிக்கோல். 8 அங்குலமோ 9 அங்குலமோ இருக்கட்டும். கைப்பிடி மேல்நோக்கி வளைந்திருந்தால் கீழ் அலகு மேசையை ஒட்டியே ஓடும், துணி தூக்காது. துணிக்கென்றே என்று சொன்னேன். காகிதம் வெட்டக் கூடாது, பால் பாக்கெட் வெட்டக் கூடாது.

என் அத்தையிடம் மீரட் கத்தரிக்கோல் ஒன்று இருந்தது. கனமான பித்தளைக் கைப்பிடி. கத்தரிக்கோலுக்கென்றே பேர்போன ஊர் அது. 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எட்டாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளிக்கூட வேலைக்காகப் பழைய காலண்டர் தாள்களை அதில் வெட்டிவிட்டேன். மறுநாள் அத்தை பாப்ளின் துணியில் வைத்தபோது, துணி வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து சிக்கிக்கொண்டது. அத்தை திட்டவில்லை. அந்தத் துண்டை என் கையில் கொடுத்தார். ஓரம் எலி கடித்ததுபோல் பிசிறு பிசிறாக இருந்தது.

சாணை பிடிப்பவர் தெருவுக்கு வரும்வரை அத்தையின் தையல் நின்றுபோயிற்று. அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மிதித்துக் கல்லைச் சுழற்றினார். பொறி பறந்தது. நடு ஆணியைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கினார். பிறகு தன் துண்டின் ஓரத்தை நுனி அலகால் மட்டும் வெட்டிப் பார்த்தார். “நுனி வெட்டினால்தான் அம்மா கத்தரிக்கோல்” என்றார்.

இன்றுவரை நான் கடையில் செய்யும் சோதனை அதுதான். மெல்லிய பழைய பருத்திப் புடவைத் துண்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். இரண்டாக மடித்து, நுனியால் வெட்டிப் பாருங்கள். மென்று துப்பினால் அந்தக் கத்தரிக்கோல் வேண்டாம். காகிதம் ஏன் கூடாது என்றால், வழவழப்புக்காக அதில் களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் சேர்க்கிறார்கள். அவை அலகின் கூர்மையைத் தேய்த்துவிடும். வீட்டில் இருக்கிற அத்தனை பேரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். கைப்பிடியில் ஒரு சிவப்பு நாடா கட்டிவிடுங்கள். பிள்ளைகள் எடுக்க மாட்டார்கள்.

அடுத்தது ரோட்டரி கட்டர், அதாவது சக்கரக் கத்தி. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் கொண்டுவந்தது. நாலு மடிப்புத் துணியை ஒரே ஓட்டில் நேராக வெட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 45 மில்லிமீட்டர் சக்கரம் போதும். ஆனால் கட்டர் தனியாக உதவாது; அடியில் விரிக்கக் கட்டிங் மேட்டும், தடித்த அக்ரிலிக் ஸ்கேலும் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் முதல் போர்வையை அட்டையில் அளவு வெட்டி, பென்சிலால் கோடு போட்டு, கத்தரிக்கோலாலேயே வெட்டுங்கள். நன்றாகவே வரும். அட்டையை வேறு கத்தரிக்கோலால் வெட்டுங்கள், மறக்க வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஸ்கேலைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 6 அங்குல அகலம், 24 அங்குல நீளம் கேட்டு வாங்குங்கள். கட்டரை உடம்பைவிட்டு வெளிப்பக்கமாகவே ஓட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தியை மூடுங்கள். கட்டிங் மேட்டை வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும், பிறகு நிமிராது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் அதற்கென்று அலகு மாற்றிச் செய்த கத்தரிக்கோலையே கேட்டு வாங்குங்கள். வணக்கம்.